கிட்டிய வழி வேறு, போகக்கூடிய வழி வேறு

பாரிசவாதம் வந்தவரும் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும் எங்கள் பிசியோதெரபிப் பிரிவில் வோக்கரைப் பிடித்து நன்றாகவே நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு மாதக்கணக்கில் வாசல் தாண்டுவதில்லை. "ஏன் ஐயா வெளியே போவதில்லை?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் மகள் முந்திக்கொண்டு சொல்வார்: "அப்பாவுக்குப் பயம், மிஸ்."

அந்தப் பயம் நியாயமானது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி நடைபாதையை வோக்கருடன் செல்பவரின் உயரத்திலும் வேகத்திலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு ஏற்றபடி தரையை உயர்த்தியோ சரித்தோ வைத்திருக்கிறார். தரை பக்கவாட்டில் சரிந்தால் வோக்கர் தானாகவே வீதிப் பக்கம் இழுக்கும். ஒரு கை பலவீனமானவரால் அதை நிமிர்த்திப் பிடிக்க முடியாது. வடிகால் மேல் போட்ட கொங்கிறீட் மூடிகளுக்கு இடையே இருக்கும் வெடிப்பில் கைத்தடியின் இறப்பர் நுனி சிக்கும். அதையும் கடந்தால் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டிருக்கும். வேறு வழியின்றி வீதியில் இறங்கினால் பின்னால் 100ஆம் இலக்க பஸ் வந்துகொண்டிருக்கும். இறங்கியவர் திரும்ப ஏற வேண்டிய விளிம்பு பதினைந்து, இருபது சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். காலில் பிழை எதுவுமில்லை; வழியில்தான் பிழை. ஆகவே வழியைத் திட்டமிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகள் உடனே கைத்தொலைபேசியை எடுத்து வரைபடத்தைத் திறப்பார்கள். வழக்கமான வரைபடத்துக்குத் தெரிந்தவை தூரமும் நேரமும்தான். நலமான ஒருவர் நடப்பதாக எண்ணியே அது வழி சொல்கிறது. படிகள் கொண்ட குறுக்கு ஒழுங்கையையும், ஏறி இறங்க வேண்டிய மேம்பாலத்தையும் கிட்டிய வழி என்று தயங்காமல் காட்டும்.

இதற்கு மாறான வரைபடங்களும் உலகில் இருக்கின்றன. அமெரிக்காவின் சியாற்றில் நகரம் மேடும் பள்ளமுமானது. அங்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாஸ்கர் மையம் ஆக்சஸ்மேப் என்ற வரைபடத்தை உருவாக்கியது. அது வழி சொல்லும் முன் நம்மைப் பற்றிக் கேட்கிறது: கையால் தள்ளும் சக்கர நாற்காலியா, மின்சார நாற்காலியா, கைத்தடியா? எவ்வளவு ஏற்றம் ஏற முடியும்? எவ்வளவு இறக்கம் இறங்க முடியும்? உயர்ந்த விளிம்புகளைத் தவிர்க்க வேண்டுமா? பதிலுக்கேற்ப வழி மாறும். ஒரு வீதியை நல்லது, கெட்டது என்று அது முத்திரை குத்துவதில்லை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிரித்துக் கேட்பதை நான் மிகவும் மதிக்கிறேன். முழங்கால் தேய்ந்தவர்களில் பலருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. கொட்டாஞ்சேனை மேட்டில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உடனே ஆமென்பார்கள்.

இதனோடு வீல்மேப் என்ற இன்னொரு வரைபடத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 2010இல் பேர்லினில் தொடங்கியது. கடை, வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்களுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டும். வாசலில் 7 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரே ஒரு படி இருந்தால் மஞ்சள். சாம்பல் நிறம் என்றால் அந்த இடத்தைப் பற்றி இன்னும் யாரும் பதியவில்லை. கொழும்பையும் அதில் பார்க்கலாம். ஆனால் அது சொல்வது போய்ச் சேரும் வாசலைப் பற்றி. அதுவரை உள்ள வழியைப் பற்றி அல்ல.

ஆக்சஸ்மேப் போன்ற ஒன்று இயங்க வேண்டுமானால் ஒவ்வொரு நடைபாதையும் தனிக்கோடாக வரையப்பட்டு, அதன் சரிவும் விளிம்பும் பதியப்பட்டிருக்க வேண்டும். எவரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கொழும்பின் வீதிகள் இருக்கின்றன. நடைபாதை விவரங்களோ பெரும்பாலும் வெற்றிடம். தடை எதுவும் குறிக்கப்படவில்லை என்பதற்காகத் தடையே இல்லை என்று புறப்பட்டுவிடாதீர்கள். குடும்பங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இது.

அதனால் குடும்பத்தோடு உட்கார்ந்து முதலில் ஒரே ஒரு வழியை வரைகிறோம். எந்த வழி என்பதை நோயாளியே தெரிவு செய்ய வேண்டும். மருந்துக்கடைக்குப் போகும் வழிதான் முக்கியம் என்று மகன் நினைப்பார். அம்மாவோ மயூரபதி அம்மன் கோவில் என்பார். அம்மா சொன்னதே வழி. போக ஆசையுள்ள இடத்துக்குத்தான் கால் பழகும்.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் வீடு என்றால் கோவிலுக்குப் போகக் காலி வீதியைக் கடந்தே ஆக வேண்டும். இங்கே ஒரு கணக்கு உதவும். வீட்டு விறாந்தையில் 10 மீற்றர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். 25 வினாடி எடுத்தால் வேகம் வினாடிக்கு 0.4 மீற்றர். பாதசாரிகளுக்கான சமிக்ஞை விளக்குகளுக்குப் பல நாடுகளில் வினாடிக்கு 1.2 மீற்றர் என்றே கணக்கிடுகிறார்கள். 12 மீற்றர் அகலமான வீதியை அந்த வேகத்தில் 10 வினாடியில் கடக்கலாம். அம்மாவுக்கு 30 வினாடி வேண்டும். நடுவில் நின்று இளைப்பாற இடமுள்ள கடவையா, விளக்குள்ள கடவையா என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. கடவை இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்தாலும் அதுவே சரியான வழி.

பிறகு மகனோ மகளோ அளவுநாடாவுடன் அந்த வழியை நடந்து வரட்டும். விளிம்பின் உயரம், நடைபாதையின் மிக ஒடுங்கிய இடம், உடைந்த வடிகால் மூடி, உட்கார ஓர் இடம், நிழல் ஆகியவற்றைக் குறித்தால் போதும். சாதாரணச் சக்கர நாற்காலி ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் அகலம். சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டுமென்பதால் 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த இடத்தைத் தடையாகவே எழுதுங்கள்.

சாய்தளங்களைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட சரிவு 1:12. அதாவது 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 180 சென்ரிமீற்றர் நீளமான சாய்தளம் வேண்டும். வாசலில் அரை மீற்றர் இரும்புத் தகட்டைச் சரித்து வைத்துவிட்டுச் சக்கர நாற்காலி வரலாம் என்கிறார்கள். அதில் தனியே ஏற முயன்றால் நாற்காலி பின்புறமாகக் கவிழும். இது என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் அந்தத் தகட்டை நம்பித்தான் ஒருவர் வீட்டிலிருந்து புறப்படுகிறார்.

ஒக்டோபர், நவம்பர் மழையில் அதே வழியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஓரத்தில் தேங்கும் தண்ணீர் விளிம்பையும் குழியையும் சேர்த்து மறைத்துவிடும். வெயில் காலத்துக்கு ஒரு வழி, மழை நாளுக்கு ஒரு வழி என்று வைத்திருப்பது நல்லது.

குறித்தவை வீட்டுக் கொப்பியோடு முடிந்துவிடக் கூடாது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற இலவசச் செயலியை அன்ட்ரொயிட் தொலைபேசியில் இறக்கி வீதியில் நின்றால், இங்கே விளிம்பு தாழ்த்தப்பட்டிருக்கிறதா, தரை என்ன பொருள் என்று அதுவே கேட்கும். சொல்லும் பதில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேரும். பாடசாலைப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். விளிம்பையும் படியையும் மட்டும் பதியுங்கள். நோயாளியின் வீடு எது, அவர் எப்போது வெளியே போகிறார் என்பன பொது வரைபடத்துக்கு உரியவை அல்ல.

இவையெல்லாம் சலுகை கேட்பதல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2006இல் பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இதற்காக உயர் நீதிமன்றம்வரை போனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்று உறுதிப்படுத்தியது.

முறைப்பாடு எழுதும்போது "வெள்ளவத்தையில் நடைபாதை சரியில்லை" என்று எழுதினால் யாரும் அசையப்போவதில்லை. எந்த ஒழுங்கையின் வாயில், எந்தப் பக்கம், எந்த மின்கம்பத்துக்கு அருகில், விளிம்பு எத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதி, அளவுநாடாவை வைத்து எடுத்த படத்தையும் இணையுங்கள். ஒழுங்கைகளைப் பற்றியென்றால் கொழும்பு மாநகர சபைக்கு. காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை என்பதால் அதைப் பற்றியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. பொறுப்பு மற்றவருடையது என்று கைகாட்ட இடமில்லாதபடி இருவருக்கும் பிரதி அனுப்பிவிட்டு, திகதி இட்ட ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.