ஆட்டிசம்: சொல்லும் அது சுட்டும் பொருளும்

ஆட்டிசத்துக்கும் நம் தெருவில் ஓடும் ஆட்டோவுக்கும் வேர் ஒன்றுதான். 'தான்', 'தன்' என்று பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல் அது. தானே இயங்கும் வண்டிக்கு ஆட்டோமொபைல் என்று பெயர் வைத்தார்கள். தனக்குள் ஒடுங்கிய மனநிலைக்கு ஆட்டிசம் என்று வைத்தார்கள். வண்டிக்கு வைத்த பெயர் பொருந்திவிட்டது. மனநிலைக்கு வைத்த பெயர் இன்றுவரை குழப்பம் தருகிறது, தமிழில் அந்தக் குழப்பம் இன்னும் கூடுதல்.

இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஆய்கன் ப்ளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர். மனச்சிதைவு நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரும் அவர் தந்ததே. அந்த நோய் முற்றியவர்கள் நடப்புலகை விட்டு விலகித் தம் கற்பனைக்குள் அமிழ்ந்துவிடுவதைக் குறிக்க, 1910-11 வாக்கில் 'ஆட்டிஸ்மஸ்' என்று எழுதினார். அவர் பேசியது ஒரு நோயின் அறிகுறியைப் பற்றி. குழந்தைகளின் வளர்ச்சி அவர் மனத்தில் இல்லை.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 8 பேர் ஆண், 3 பேர் பெண். பிறரோடு உறவாடும் இயல்பு பிறப்பிலேயே வேறுபட்டிருந்ததையும், எதுவும் மாறக்கூடாது என்று அவர்கள் பிடிவாதம் பிடித்ததையும் விரிவாகப் பதிவு செய்தார். இதற்குப் பெயர் தேடியபோது ப்ளாய்லரின் சொல்லைக் கடன் வாங்கினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் இதே சொல்லை எடுத்தாண்டார். இருவருக்கும் முன்பே, 1925இல், சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா ஆறு சிறுவர்களிடம் இதே இயல்புகளை விவரித்திருந்தார். அவர் பெயர் நெடுங்காலம் யாருக்கும் நினைவில்லை.

கடன் வாங்கிய பெயரால் இரண்டு கேடுகள் விளைந்தன. ஒன்று, ஆட்டிசம் என்பது குழந்தைப் பருவ ஸ்கிசோஃப்ரினியா என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்மில் அது தனித் தலைப்பானது 1980இல்தான். இரண்டாவது கேடு கொடியது. 'தனக்குள் ஒடுங்குகிறது' என்றால் எதற்கோ அஞ்சி ஒடுங்குகிறது என்று பொருள் கொண்டு, அன்பு காட்டாத தாயே காரணம் என்றார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார் இந்தப் பழியைச் சுமந்தார்கள். 1977இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவில் பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருவில் உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அங்கிருந்து தெளிவாகத் தொடங்கியது. நம் ஊரில் அந்தப் பழி இன்னும் ஓயவில்லை. வேலைக்குப் போகும் தாய், கையில் கொடுத்த செல்போன் என்று ஆள் மாற்றி ஆளாகத் தேடுகிறது. திரை பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயர், அந்த நூலின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற இரு வகைப்பாடுகளிலும் கிடையாது. திரை நேரம் மிகுந்தால் பேச்சு தாமதிக்கலாம், அதைக் குறைப்பது நல்லது. ஆனால் "போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பாருங்கள்" என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது தவறு.

அடுத்தது 'ஸ்பெக்ட்ரம்'. லண்டனில் லோர்னா விங், ஜூடித் கோல்ட் இருவரும் 1979இல் வெளியிட்ட கேம்பர்வெல் ஆய்வு, கானர் வரைந்த குறுகிய சட்டகத்துக்குள் அடங்காத குழந்தைகள் ஏராளம் என்று காட்டியது. அறிவுத்திறன், பேச்சு, பழகும் பாங்கு ஆகியவை ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு அளவில் கலந்திருந்தன. விங் இதை முதலில் ஒரு தொடர்ச்சி என்றார், பிறகு ஸ்பெக்ட்ரம் என்றார். தமிழில் இச்சொல்லுக்கு இரு பெயர்கள் உண்டு. செய்தித்தாள்கள் 'அலைக்கற்றை' என்றால் நமக்குத் தொலைத்தொடர்பு ஏலம்தான் நினைவுக்கு வரும். இங்கே வேண்டியது இயற்பியல் பாடநூலில் படித்த 'நிறமாலை'. ஒளி பிரிந்து பல நிறமாகத் தெரிவதைச் சொல்லும் சொல் அது. லேசானதிலிருந்து கடுமையானது வரை போகும் ஒற்றை அளவுகோலாக இதைப் பார்ப்பதுதான் பரவலான பிழை. ஒரு குழந்தைக்குப் பேச்சு சரளமாக இருக்கும், ஆனால் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். இன்னொன்று பேசாது, எந்தச் சத்தத்துக்கும் அசையாது. இவற்றில் எது லேசு?

2013இல் வந்த டிஎஸ்எம்-5, ஆஸ்பெர்கர் உள்ளிட்ட பழைய உட்பிரிவுகளை ஆட்டிச நிறமாலைக் கோளாறு என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 அதே வழியில் சென்றது. நாஜி ஆட்சிக்காலத்தில் ஆஸ்பெர்கர் குழந்தைகளைக் கொலைக்கூடமாக இருந்த மருத்துவமனைக்கு அனுப்பிய பதிவுகள் 2018இல் விரிவாக வெளிவந்த பிறகு, அவர் பெயரைத் தவிர்க்க வேறு காரணம் தேவைப்படவில்லை.

இனித் தமிழ்ப் பெயர்கள். இலங்கைத் தமிழில் 'ஓட்டிசம்' என்று எழுதுவது ஒலிபெயர்ப்பு வேறுபாடு மட்டுமே. சிக்கல் மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. அதிகம் புழங்குவது 'மதியிறுக்கம்'. மதி என்றால் அறிவு. அறிவு இறுகிவிட்டது என்று கேட்பவர், நன்றாகக் கணக்குப் போடும் ஒரு பையனைப் பார்த்து "இவனுக்கு எப்படி?" என்று கேட்கிறார், மதிப்பீட்டுக்கு அழைத்துப் போவதில்லை. அறிவுத்திறன் குறைபாடு ஆட்டிசத்தோடு சேர்ந்து வரலாம், வராமலும் இருக்கலாம், இரண்டும் தனித்தனி. 'மன இறுக்கம்' என்று எழுதுவது இன்னும் மோசம். அலுவலகத்தில் வேலை கூடினால் வருவதும் மன இறுக்கம்தானே? அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்ற நீண்ட தொடர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. சட்டையின் பின்கழுத்துச் சீட்டு உறுத்துவதையும் குழல்விளக்கின் முணுமுணுப்பையும் விட முடியாமல் தவிப்பவருக்குப் புற உலகம் அளவுக்கு மீறித்தான் உள்ளே வருகிறது. இந்தப் பெயரை நம்பும் குடும்பம், "அம்மாவை ஓடிவந்து கட்டிக்கொள்கிறாளே, இவளுக்கு ஆட்டிசம் இருக்காது" என்று முடிவு கட்டிவிடும்.

வேரிலிருந்தே புதிதாக ஆக்கலாம் என்றால் 'தன்' நமக்கு வேறு வழி காட்டுகிறது. தன்னலம், தன்முனைப்பு, தன்னிச்சை என்று அதன் உறவெல்லாம் ஆணவத்தின் பக்கம். எனவே எங்கள் தேர்வு 'ஆட்டிசம்', 'ஆட்டிச நிறமாலை'. பொருள் மங்கிய கடன்சொல், தவறான பொருள் தெளிவாகத் தெரியும் தமிழ்ச்சொல்லைவிட இங்கே பாதுகாப்பானது.

பெயரை ஒதுக்கிவிட்டு மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று பார்க்கலாம். சமூகத் தொடர்பில் மூன்று இடங்கள்: கொடுத்து வாங்கும் உரையாடல், பார்வை-முகபாவம்-சைகை, உறவை உண்டாக்கிக் காப்பது. மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். நடத்தையில் நான்கு இடங்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்காமை, குறுகிய ஆழ்ந்த ஈடுபாடு, புலன்களின் மிகை அல்லது மந்தம். இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இப்போது இல்லாவிட்டாலும் முன்பு இருந்திருந்தால் போதும். தொடக்கம் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. வலிப்பு போன்ற வேறு ஐயம் இருந்தால் மட்டுமே ஈஈஜி, எம்ஆர்ஐ.

தமிழ் வீட்டில் இந்த அறிகுறிகளுக்குத் தனி முகம் உண்டு. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது அம்மாவின் விரலைத் தொடர்ந்து நிலாவைப் பார்த்து, மறுபடி அம்மா முகத்தைப் பார்ப்பது ஒரு பெரிய வளர்ச்சிப் படி. இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். காக்காவைச் சுட்டிக்காட்டி "பார்த்தியா" என்பது போல் திரும்பிப் பார்க்கிறதா, அல்லது பிஸ்கட் டப்பாவை எடுக்க அம்மாவின் கையைக் கரண்டி போல் பிடித்து இழுக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. ஆகவே மருத்துவரை நேராகப் பார்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பொம்மையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறதா என்றே கவனிக்க வேண்டும்.

பேச்சிலும் இப்படி ஒரு நுட்பம். 'நான்' என்பதற்குப் பதில் 'நீ' என்பார்கள் என்று ஆங்கில நூல்கள் சொல்லும். பேச்சுத் தமிழில் நானும் நீயும் பெரும்பாலும் வாக்கியத்திலேயே வராது, வினையின் விகுதியில் ஒளிந்திருக்கும். பசிக்கும்போது குழந்தை "சாப்பிடுறியா?" என்று சொன்னால், அது கேள்வி கேட்கவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதை அப்படியே எதிரொலித்துத் தன் தேவையைச் சொல்கிறது. வீட்டில் யாரும் பேசாத கார்ட்டூன் டப்பிங் தமிழில் முழு வசனம் ஒப்பிப்பதும் இந்த எதிரொலிப் பேச்சின் வகையே. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சி விட்டுவிடுகிறோம்.

12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, சுட்டிக்காட்டாமை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை. 24 மாதத்தில் தானாக இரு சொல் சேர்க்காமை. எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விடுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்ற ஆறுதல் வார்த்தையில் கரைவது பயிற்சிக்கு மிகவும் உகந்த காலம்.

முதலில் செய்யவேண்டியது காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் கேட்கிறதா என்று, ஒலிக்குச் செவிநரம்பும் மூளையும் தரும் மறுமொழியை அளக்கும் பெரா சோதனையில் உறுதிசெய்யாமல் ஆட்டிசம் என்பது பிழை. பிறகு வடிகட்டும் கேள்விப்பட்டியல். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட்டில் 20 கேள்விகள், தமிழிலும் உண்டு. 0-2 குறைந்த வாய்ப்பு. 3-7 வந்தால் விரிவான தொடர்கேள்விகள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக மதிப்பீடு. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எப்போதோ இரண்டு முறை செய்ததை வைத்து "செய்வான்" என்று பெற்றோர் சொல்வது. வழக்கமாகச் செய்யாததற்கு 'இல்லை' என்பதே விடை.

வடிகட்டல் முடிவைத் தராது. வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனத்திலும் இதற்கு வழி உண்டு. போகும்போது இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் சில எடுத்துச் செல்லுங்கள்: சாப்பிடும்போது, வேறொரு குழந்தையோடு இருக்கும்போது, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைக்கும்போது. புது அறையில் அரை மணி நேரத்தில் தெரியாதது அதில் தெரியும்.

சான்றிதழ் வேறு கணக்கு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிச நிறமாலைக் கோளாறும் ஒன்று. அளவிடப் பயன்படுவது 'ஐசா' எனப்படும் இந்திய அளவுகோல்: ஆறு பிரிவுகளில் 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 40 முதல் 200 வரை. 70 வந்தால் 40 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த 40தான் வாசல். வெளியே தெரியும் நடத்தையையே இது பெரிதும் எண்ணுகிறது. ஆகவே நன்றாகப் பேசும் இளைஞர் 70க்குக் கீழே நிற்கக்கூடும். சலுகை கிடைக்கவில்லை என்பதை வைத்து மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன முடிவைப் பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பெரியவர்களிடம் கண்டறிவது கடினமாவதற்குக் காரணம், அவர்கள் மறைக்கக் கற்றுக்கொண்டதுதான். எப்போது சிரிப்பது, எத்தனை நொடி கண்ணைப் பார்ப்பது என்று மனப்பாடம் செய்து, பெண்கள் குறிப்பாக, திருமண வீட்டில் எல்லாரையும் போல நின்றுவிட்டு, வந்த பின் இரண்டு நாள் அறைக்குள் கிடப்பார்கள். பதற்றம், மனச்சோர்வு என்று மட்டும் பெயர் எழுதப்பட்டிருக்கும். பத்துக் கேள்வி கொண்ட ஏக்யூ-10இல் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீட்டுக்குப் போகலாம். மனச்சோர்வே சிலரின் எண்ணைக் கூட்டிவிடும் என்பதால் அதுவும் முடிவாகாது. சிறுவயதுச் சான்றுதான் முக்கியம். அம்மா, பெரியம்மா, அக்கா யாராவது உடன் வர வேண்டும். பழைய மதிப்பெண் அட்டையில் "வகுப்பில் யாரோடும் சேர்வதில்லை" என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட உதவும்.

ப்ளாய்லரின் பழைய குழப்பம் இங்கேதான் மீண்டும் தலைகாட்டுகிறது. "யாரும் இல்லாதபோது குரல் கேட்குதா?" என்று மருத்துவர் கேட்கிறார். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவர், பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்பதை நினைத்து "கேட்குது" என்கிறார். ஸ்கிசோஃப்ரினியா என்று மருந்து தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. "எந்தக் குரல், எங்கிருந்து, பக்கத்திலிருப்பவருக்கும் கேட்டதா?" என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டால் தெளிந்துவிடும்.

எழுதும்போது 'ஆட்டிசம் உள்ள குழந்தை' என்று எழுதலாம். பெரியவர்களில் பலர் தம்மை 'ஆட்டிசர்' என்ற வகையில் அடையாளமாகவே சொல்ல விரும்புகிறார்கள். அவரவர் விருப்பத்தைக் கேட்டு எழுதுவது முறை. 'ஆட்டிச நோயாளி' எங்கும் வேண்டாம். 'கோளாறு' என்பது சட்டத்துக்கும் மருத்துவக் குறிப்புக்கும் போதும். டிஎஸ்எம்-5 தரும் நிலை 1, 2, 3 என்பவை எவ்வளவு உதவி தேவை என்பதைச் சொல்கின்றன. பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது 'நிலை 2' என்று மட்டும் எழுதினால் ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது. "பாடவேளை மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மணி இருக்கும் பக்கம் உட்கார வைக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்" என்று அதற்குக் கீழே எழுதுங்கள்.