ராப்: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ராப் என்றால் தட்டுதல், சட்டென்று ஒரு அடி போடுதல். கதவைத் தட்டுவதும் ராப், விரல் முட்டியில் பிரம்பால் போடுவதும் ராப். குற்றச்சாட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. ஒருவர் மேல் உள்ள பழைய வழக்குகளின் பட்டியலை அமெரிக்கப் போலீசார் ‘ராப் ஷீட்’ என்பார்கள். 1960களில் கறுப்பின மக்களின் பேச்சில் இதே சொல் சாதுரியமாக, மூச்சுவிடாமல் பேசுவதைக் குறித்தது. தாளத்துக்கேற்ப வேகமாகப் பேசிப் பாடும் ராப் பாட்டுக்குப் பெயர் வந்தது அந்தப் பேச்சு வழக்கிலிருந்துதான். ‘ரிதம் அண்ட் பொயட்ரி’ என்பதன் சுருக்கம் என்று சுற்றிவரும் விளக்கம் பின்னால் ஒட்டவைத்தது, அதை விட்டுவிடலாம்.

ஹிப் ஹாப் வேறு. ராப், டிஜே, பிரேக் நடனம், சுவரில் தீட்டும் கிராஃபிட்டி எல்லாம் சேர்ந்த பண்பாடு அது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் இசைத்த விருந்தை அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள்: பட்டாளத்தில் சேர்ந்த நண்பரைக் கேலி செய்ய, கீத் ‘கௌபாய்’ விக்கின்ஸ் அணிவகுப்பு நடையை ‘ஹிப், ஹாப், ஹிப், ஹாப்’ என்று பாடிக் காட்டினாராம். நம்மூர் லெஃப்ட் ரைட்தான்.

1980களில் லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் போதைப்பொருள் சோதனை என்று சொல்லி, இடிகட்டை பொருத்திய கவச வண்டியால் வீட்டுச் சுவரை உடைத்து நுழைந்தார்கள். தெருவில் நிற்கும் கறுப்பின இளைஞரைத் தரையில் படுக்கவைத்துச் சோதிப்பது அன்றாட வழக்கம். அந்நகரை ஒட்டிய காம்ப்டனைச் சேர்ந்த என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழு 1988இல் இதற்குப் பாட்டில் பதில் சொன்னது. பாட்டே ஒரு நீதிமன்றம்: குழுவின் டாக்டர் ட்ரே நீதிபதி, மற்றவர்கள் சாட்சிகள், கூண்டில் போலீஸ். ராப் ஷீட் எழுதும் கையின் மேலேயே ராப் திரும்பிவிட்டது! அடுத்த ஆண்டு எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் அடித்த வீடியோவை உலகமே பார்த்த பிறகு, அந்தப் பாட்டை வெறும் வசை என்று ஒதுக்குவது கடினமாகிப்போனது.

தமிழில் ராப்புக்குச் சொல்லிசை என்ற சொல் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் புழங்குகிறது. பாடுபவர் சொல்லிசைக் கலைஞர். நல்ல சொல். ஆனால் பேச்சும் இசையும் அதில் இருக்கின்றன, அடி இல்லை. அதனால் இந்த வகைப் பாட்டை எதிர்ப்புச் சொல்லிசை என்பது பொருந்தும். ஹிப் ஹாப்பை அப்படியே எழுதுவதே நல்லது.

கூடவே ஒரு சொல். 1993இல் கே.ஆர்.எஸ்-ஒன் என்ற ராப் பாடகர் தன் பாட்டு ஒன்றில் ‘ஓவர்சீயர்’ என்பதை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதை ‘ஆபீசர்’, அதாவது போலீஸ்காரர், ஆக்கிக் காட்டுவார். அடிமைத் தோட்டத்து ஓவர்சீயரை மேற்பார்வையாளர் என்று பெயர்த்தால் சப்பென்று போய்விடும். இலங்கை, மலாயா தோட்டங்களை அறிந்த தமிழில் கங்காணி இருக்கிறது. கங்காணி பெரும்பாலும் நம்மவரே, ஓவர்சீயர் பெரும்பாலும் வெள்ளையர். ஆனாலும் இந்த இடத்துக்கு அதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது.