4எக்ஸ்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

விண்வெளியில கிரகம் கிரகமா பிடிச்சு பேரரசு கட்டுற கேம்களை 4எக்ஸ்னு சொல்றாங்கல்ல, அந்த எக்ஸ் கணக்குல வர்ற எக்ஸ் இல்ல. எக்ஸ்ப்ளோர் (தேடிப் பாக்குறது), எக்ஸ்பாண்ட் (பரவுறது), எக்ஸ்ப்ளாய்ட் (கிடைச்ச வளத்தைப் பயன்படுத்துறது), எக்ஸ்டெர்மினேட் (எதிரிய அழிக்கிறது), நாலுமே 'எக்ஸ்'னு ஆரம்பிக்குது, அவ்வளவுதான். 1993ல 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' பத்திரிகைல ஆலன் எம்ரிச், மாஸ்டர் ஆஃப் ஓரியன் கேமுக்கு முன்னோட்டம் எழுதும்போது, வயசு வந்தவங்க படத்துக்கு மூணு எக்ஸ் போடுவாங்கல்ல, இதுக்கு நாலு எக்ஸ்னு விளையாட்டா ரேட்டிங் குடுத்தாரு, அது அந்த வகைக்கே பேரா ஒட்டிக்கிச்சு. வகை அதுக்கு முன்னாடியே இருக்கு, 1983ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்லயே இந்த நாலு வேலையும் உண்டு.

தமிழுக்கு வரும்போது மாட்டுறது மூணாவது எக்ஸ், அதாவது எக்ஸ்ப்ளாய்ட். அகராதியப் பாத்து 'சுரண்டல்'னு போட்டா கேமோட அர்த்தமே மாறிடும். மாஸ்டர் ஆஃப் ஓரியன்ல ஒவ்வொரு காலனிக்கும், அதாவது நாம குடியேறின ஒவ்வொரு கிரகத்துக்கும், அஞ்சு ஸ்லைடர் (இழுத்துக் கூட்டிக் குறைக்கிற பட்டை) இருக்கும், கப்பல், பாதுகாப்பு, தொழிற்சாலை, சுற்றுச்சூழல், ஆராய்ச்சி, காலனியோட உற்பத்திய இந்த அஞ்சுக்கும் பிரிச்சு விடணும், அதுதான் அங்க எக்ஸ்ப்ளாய்ட். சுற்றுச்சூழலுக்கு ஒண்ணும் ஒதுக்காம தொழிற்சாலைய மட்டும் ஓட்டினா கழிவு சேந்து கிரகம் தாங்குற மக்கள்தொகையே குறைஞ்சிடும், அதாவது சுரண்டினா அந்த கேம் நம்மளத்தான் தண்டிக்கும்! அதனால வளத்தை அள்ளுறதுங்கிற அர்த்தம்தான் சரி.

நாலும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற அழகையும் விட மனசில்ல. அறி, அகல், அள்ளு, அழி. நாலு அகரம், சேத்தா நாலகரம், வகைக்குப் பேரு நாலகர ஆட்டம். 'அகல்'னா விலகிப் போறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, ஆனா அகலம் அந்த வேர்ல இருந்துதானே வருது, அதனால பரவுறதுக்கு அது பொருந்தும்.

இந்த வகையோட பெரிய டிசைன் குறையும் இந்த நாலுக்குள்ளயேதான் இருக்கு. முதல்ல வேகமா அகலுறவனுக்கு நிறைய கிரகம், அதனால நிறைய உற்பத்தி, அதனால டெக்னாலஜி, அதனால பெரிய கப்பற்படை, ஆக ரெண்டாவது அகரத்துலயே யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சுபோகுது, மிச்சம் இருக்குற 'அழி' மணிக்கணக்கா ஓடுற வெறும் கிளிக் வேலை. மாஸ்டர் ஆஃப் ஓரியன் இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருந்துச்சு, அப்பப்ப எல்லா இனமும், அதாவது கேம்ல இருக்குற ஒவ்வொரு பேரரசும், கூடி ஓட்டுப் போடும், மக்கள்தொகை அதிகமா இருந்தா ஓட்டும் அதிகம், மூணுல ரெண்டு பங்கு கிடைச்சவன் ஜெயிச்சான், ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. வேற ஒருத்தன் தேர்வாகி நாம ஒத்துக்கலைன்னா எல்லாரும் சேந்து நம்ம மேல பாய்வாங்க, அந்தக் கடைசிச் சண்டைதான் உண்மையான சண்டை.

1996ல வந்த ரெண்டாம் பாகத்துலயும் ஓட்டு இருக்கு, ஆனா ஸ்லைடர் போயி காலனிக்குக் காலனி கட்டடம் கட்டுற வேலை வந்துச்சு, முப்பது காலனி ஆனப்புறம் ஒரு டர்ன் (நம்ம முறை) முடிக்கிறதே பெரும்பாடு. இனத்த நாமளே உருவாக்குறப்போ 'கிரியேட்டிவ்' குணத்த எடுத்தா, மத்தவங்க ஒவ்வொரு படியிலயும் ஒரு டெக்னாலஜிய மட்டும் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு எல்லாமே கிடைச்சிடும், அந்தத் தேர்வுலதான் ஆட்டத்தோட சுவையே இருக்கு, அதை காசு குடுத்து நீக்குற மாதிரி ஆயிடுது. எனக்கு இன்னைக்கும் முதல் பாகம்தான் நல்ல நாலகர ஆட்டம்.