'வேண்டாம்' புரிகிறது, ஆனால் கை ஏன் நிற்பதில்லை?

ஒன்பது மாதக் குழந்தை சார்ஜர் வயரை நோக்கித் தவழ்கிறது. "வேண்டாம்" என்கிறீர்கள். நிற்கிறது, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது, பிறகு நிதானமாக வயரை வாயில் வைக்கிறது. வம்பு போலத்தான் தோன்றும். ஆனால் நீட்டிய கையை நிறுத்தும் பிரேக், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் இருக்கிறது. அது முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியல், ஒரு வயதில் 'வேண்டாம்' கேட்டுச் சற்றே தயங்கினாலும் புரிந்ததாகவே கொள்கிறது.

சொல்லுக்கு முன்பே முகம் பேசிவிடும். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடியால் மூடிய பள்ளத்தின் விளிம்பில் விட்டார்கள், எதிர்ப்பக்கம் அம்மா. அவர் சிரித்தபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்தன. பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே நீங்கள் சிரித்தால், குழந்தை எதை நம்பும்?

அறையின் மறுகோடியிலிருந்து கத்துவது வீண். கிட்டே போய்க் குனிந்து, சிரிக்காத முகத்துடன், தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல். சொன்ன கையோடு அதன் விரல்களை வயரிலிருந்து விலக்கி, கடிக்கக்கூடிய வேறொன்றைக் கொடுங்கள். தாமதித்தால், எதற்காகச் சொன்னீர்கள் என்ற தொடர்பு அறுந்துவிடும். திரும்பவும் போகும், திரும்பவும் அதையே செய்ய வேண்டும்.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல்: வேண்டாம், கூடாது, தொடாதே, சும்மா இரு என்று ஆளுக்கொன்று சொல்வோம். 'தொடாதே'யில் மறுப்பு சொல்லின் வாலில்தான் வருகிறது. முதலில் காதில் விழுவது 'தொடு'வின் ஒலி. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது. அதையும் நாள் முழுக்க இறைத்தால் வெற்றொலியாகிவிடும். சூடு, மின்சாரம், கடிப்பது போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். சூடும் மின்சாரமும்கூடச் சொல்லை நம்பி விடுகிற சமாசாரமல்ல. தடுப்பும் மூடியும் இருந்தே ஆக வேண்டும்.

பால் குடிக்கும்போது கடித்தால் அலறத்தான் வரும். அலறலில் மிரண்டு சில குழந்தைகள் பாலையே மறுக்கும். சிலவற்றுக்கு அது விளையாட்டாகிவிடும். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து மெல்ல விடுவித்து, "வேண்டாம்" என்று சொல்லி, ஒரு நிமிடம் கழித்துப் பால் கொடுங்கள்.