பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்?

"நாட்டிலேயே கோவைக்கு இரண்டாம் இடமாம். நான் பஸ் ஸ்டாப்புக்கு இருபது நிமிஷம் நடக்கிறேனே, அது எந்தக் கணக்கு?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட நகரங்களின் நீடித்த வளர்ச்சிப் பட்டியலைச் சொல்கிறார். 56 நகரங்களில் சிம்லா முதலிடம், அடுத்தது கோவை. 77 குறியீடுகளை அரைத்து ஒரே மதிப்பெண் ஆக்கினால் அதில் உங்கள் தெரு தெரியாது. சரி, அது போகட்டும்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நகரங்களுக்கானது 11-ஆவது. அதில் ஓர் அழகான அளவுகோல் இருக்கிறது: பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள் அல்லது ரயில் நிலையம் ஒரு கிலோமீட்டருக்குள் என்று வசிப்பவர்கள் எத்தனை சதவீதம்?

சோம்பேறி வழி, நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டருக்கு வட்டம் போடுவது. பரப்பு 0.785 சதுர கி.மீ. ஆனால் நாம் காக்கை இல்லையே, தெரு வழியாகத்தான் போக வேண்டும். கோலத்துக்கு வைப்பதுபோல் வாசலில் 7 புள்ளி வைத்து, 5, 3, 1 என்று இருபக்கமும் குறைத்துப் பாருங்கள். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தெருமுனை, நடுப்புள்ளிதான் நிறுத்தம். புள்ளிக்குப் புள்ளி நேராகவும் பக்கவாட்டிலும் மட்டும் நகர்ந்தால், மூன்று நகர்வுக்குள் தொடக்கூடியவை சரியாக அந்த 25 புள்ளிகள். வட்டம் அல்ல, சாய்சதுரம்! கட்டம் கட்டமாகத் தெருக்கள் உள்ள ஊரில் 500 மீட்டர் நடையின் பரப்பு 0.5 சதுர கி.மீ.தான். வட்டத்தில் 36 சதவீதம் பொய்.

இப்போது கோலத்தின் குறுக்கே ஒரு கோடு கிழியுங்கள். அதுதான் கால்வாய். சென்னையில் பறக்கும் ரயில் நிலையங்கள் பல பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே நிற்கின்றன. அக்கரையில் இருப்பவர் ஸ்டேஷன் பெயர்ப்பலகையை வாசலில் இருந்தே படித்துவிடுவார். போய்ச் சேரப் பாலம் வரை சுற்ற வேண்டும். வட்டம் அவரையும் 'வசதி உள்ளவர்' என்று எண்ணிவிடும். கால்வாய்க் கரையிலும் தண்டவாள ஓரத்திலும் யார் வீடு கட்டுகிறார்கள்? பெரும்பாலும் ஏழைகள். ஆக, வட்டத்தின் பிழை எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை.

இதைச் சரியாக அளக்கப் பெரிய செலவில்லை. வரைபடமும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன. வார்டு வாரியாகத் தலைக்கணக்கு வேண்டுமே என்றால், கையில் இருப்பது 2011-இல் எடுத்தது. மேம்பாலத்துக்குக் கிடைக்கிற பணம் எண்ணிப் பார்க்கிற வேலைக்கு மட்டும் கிடைக்காது என்பது என் பழைய புலம்பல்.

வாசகியைப் போனில் அளந்து பார்க்கச் சொன்னேன். நேர்கோட்டில் 400 மீட்டர், நடந்தால் 1.4 கிலோமீட்டர். நடுவில் ரயில் பாதை.