சிறிய ஆயில் ஃபில்டர் நெடிய ஓட்டத்தைத் தாங்குமா?

முன்பு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் ஆயிலை மாற்றினோம். அப்போதைய ஆயில் ஃபில்டரைக் கழற்ற இரண்டு கைகள் வேண்டும். இன்று பல கார்களின் கையேடுகள் 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்கின்றன. சில ஐரோப்பியக் கார்களில் 30,000 கூட உண்டு. ஃபில்டரோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. வேலை கூடியிருக்கிறது, வேலையாள் மெலிந்திருக்கிறான். பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

பழைய ஃபில்டரின் தகரக் கூட்டை அறுத்துத் திறந்தால் பாதி விடை உள்ளேயே இருக்கிறது. விசிறிபோல மடித்து வைத்த வடிதாள்தான் ஃபில்டர். மற்றதெல்லாம் அதற்கான உறை. அந்தத் தாளை விரித்தால் வரும் பரப்புதான் கணக்கு. சிறிய டப்பாவுக்குள் நெருக்கமாக மடித்த தாள், பெரிய டப்பாவுக்குள் நாலைந்து மடிப்போடு விட்டுவிட்ட தாளைவிட அதிகப் பரப்பு தரக்கூடும். இழையும் முக்கியம். மரக்கூழ்த் தாளின் இழைகள் தடிமனானவை, ஒழுங்கற்றவை. செயற்கை இழைகள் மிக மெல்லியவை என்பதால் இடையில் வெற்றிடம் அதிகம். அழுக்கு மேற்பரப்பில் அப்பிக்கொள்ளாமல் தாளின் ஆழத்திலும் தங்குகிறது. எனவே சிறிய துண்டே நிறைய அழுக்கை ஏற்கும்.

ஆனால் பரப்பைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. பம்ப் அனுப்பும் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். பரப்பு பாதியானால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயில் இருமடங்கு வேகத்தில் நுழையும். உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்திலேயே கூடிவிடும். துளைகள் அடைபட அடைபட அது மேலும் ஏறும். குறித்த எல்லையைத் தொட்டதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை, என்ஜினில் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நேரே அனுப்பும். அழுக்கு ஆயில் கெடுதல்தான்; ஆயிலே கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய கெடுதல். இதையெல்லாம் ஓட்டுபவர் அறிய வழியில்லை. பேரிங்குக்கு ஆயில் போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால் எச்சரிக்கை விளக்கு எரியாது.

அப்படியிருந்தும் சிறிய ஃபில்டர் தாக்குப்பிடிக்கிறதே, எப்படி? அதனிடம் வந்து சேரும் அழுக்கு குறைந்துவிட்டது என்பதுதான் என் பதில். கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்தபின், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலப்பது குறைந்தது. பெட்ரோலில் ஈயம் இல்லாததால் ஈய உப்புகளின் கசடு இல்லை. உலோகப் பரப்புகள் துல்லியமாகக் கடையப்படுவதால் தேய்மானத் துகளும் குறைவு. ஆயிலும் இளகிவிட்டது. பழைய, கெட்டியான 20டபிள்யூ-50 ரக ஆயிலைத் தள்ளத் தேவைப்பட்ட அழுத்தம் இன்றைய இளகிய 0டபிள்யூ-20 ரக ஆயிலுக்கு வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். ஆயில் பெரும்பாலும் அழுக்கால் சாவதில்லை, வேதியியலால் சாகிறது. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஃபில்டர் நன்றாகப் பிடிப்பது 20 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களை. ஆயிலைக் கறுப்பாக்கும் புகைக்கரி ஒரு மைக்ரானுக்கும் கீழே. அது ஒன்றுசேர்ந்து திரளாதபடி ஆயிலில் கலந்த வேதிப்பொருள்கள்தான் பிரித்து வைக்கின்றன. அமிலம், எரிபொருள், நீர் எதையும் தாள் பிடிக்காது. அமிலத்தை முறிக்கும் சேர்மானம் தீர்ந்துவிட்டால், எவ்வளவு பெரிய ஃபில்டரை மாட்டினாலும் அந்த ஆயிலுக்கு ஆயுள் கூடாது. மாற்றும் கால அளவை ஆயில்தான் தீர்மானிக்கிறது. அதுவரை அடைபடாமல் இருந்தால் ஃபில்டர் தன் கடமையைச் செய்துவிட்டது.

சிறிய ஃபில்டரில் நாம் இழப்பது உபரியை. தூசு நிறைந்த பாதை, சரியாகப் பொருந்தாத காற்று ஃபில்டர், என்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்கள், ஏற்கெனவே கசடு படிந்த பழைய என்ஜின் ஆகியவற்றில் அந்த உபரி தேவைப்படும். இத்தகைய ஓட்டத்துக்குக் கையேட்டிலேயே குறைந்த கிலோமீட்டர் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பின்பற்றுவதே நல்லது. மரை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு பெரிய ஃபில்டரை மாட்டுவதில் ஆபத்து உண்டு. சில என்ஜின்களில் பைபாஸ் வால்வு என்ஜினிலேயே இருக்கும், சிலவற்றில் ஃபில்டருக்குள் இருக்கும். இரண்டிலும் இல்லாத ஒரு சேர்க்கை அமைந்துவிட்டால், தாள் அடைபடும் நாளில் பேரிங்குகள் வறண்டுபோகும்.

நெடிய ஓட்டத்துக்கு ஃபில்டர் தேர்ந்தெடுக்கும்போது நான் அளவைவிட ரப்பரைத்தான் முதலில் பார்ப்பேன். என்ஜினை அணைத்ததும் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுக்கும் வட்ட வால்வு அது. சாதாரண நைட்ரைல் ரப்பர் பல மாதச் சூட்டில் இறுகிவிடும். சிலிகோன் நெகிழ்வு குன்றாமல் இருக்கும். பக்கவாட்டில் பொருத்திய ஃபில்டரில் இந்த ரப்பர் இறுகிவிட்டால், காலையில் என்ஜினை இயக்கியதும் ஓரிரு விநாடிகள் உலோகம் கடகடக்கும் ஒலி கேட்கும். காலியாகிப்போன ஃபில்டர் மீண்டும் நிரம்பி, ஆயில் மேலே ஏறும் வரை அது நிற்காது.