காந்தமானி காணாத காந்த ஒழுங்கு

வெளியில் காந்தப்புலமே காட்டாத ஒரு பொருளைக் காந்தப் பொருள் என்று எப்படிச் சொல்கிறார்கள் என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எதிர்ஃபெர்ரோ காந்தங்களில் அண்டை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் (ஒவ்வொரு அணுவும் ஒரு சிறு காந்தமாக இயங்கும் வலிமையும் திசையும்) எதிரெதிராக நிற்பதால் கூட்டுத்தொகை சுழியாகிவிடுகிறது. மாங்கனீஸ் ஆக்சைடில் அத்தகைய ஒழுங்கு இருப்பதை 1949இல் நியூட்ரான் சிதறல் காட்டியது. ஆனால் நியூட்ரான்களுக்கு அணு உலையோ பெரிய முடுக்கியோ தேவை. பல படிகங்களுக்குத் தளவிளைவுற்ற ஒளியே, அதாவது அதிர்வுத் திசை ஒழுங்குபடுத்தப்பட்ட ஒளியே, போதும்.

காந்தப்புலத்துக்கு உட்பட்ட பொருளின் வழியே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளம் சுழல்வதை ஃபாரடே 1845இல் கண்டார். காந்தத் திசையைத் திருப்பினால் சுழற்சியும் திரும்பும் என்பதால், எதிரெதிர் அணுக்களின் பங்களிப்புகள் இங்கும் ஒன்றையொன்று அழித்துவிடும். காந்தத் திருப்புத்திறனின் இருமடியைச் சார்ந்த இரட்டை ஒளிவிலகலோ (அதிர்வுத் திசைக்கேற்ப ஒளியின் வேகம் மாறுவது) அழிவதில்லை, ஏனெனில் எதிர்க்குறியின் இருமடியும் நேர்க்குறிதான். அணுக்கள் எந்த அச்சில் நிற்கின்றன என்பதை அது சொல்லிவிடும். அந்த அச்சில் எது மேல்நோக்கி, எது கீழ்நோக்கி என்பதை மட்டும் சொல்லாது.

அதையும் சொல்லவைத்த உத்திதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குரோமியம் ஆக்சைடில் அணுக்கள் மேல்-கீழ்-மேல்-கீழ் என்றோ, கீழ்-மேல்-கீழ்-மேல் என்றோ ஒழுங்குபடுகின்றன. இப்படி ஒரே ஒழுங்கில் நிற்கும் பகுதியை டொமைன் என்பார்கள். லேசர் ஒளியைச் செலுத்தினால் இரட்டிப்பு அதிர்வெண்ணில் புதிய ஒளி பிறக்கிறது. அதன் ஒரு பகுதி காந்த ஒழுங்கு இல்லாதபோதும் வருவது. மற்றொன்று, காந்த ஒழுங்கு படிகத்தின் மையச் சமச்சீரை (மையப் புள்ளியின் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதை) குலைப்பதால் மட்டுமே தோன்றுவது, டொமைன் மாறினால் அதன் குறியும் மாறும். ஒளிச்செறிவு வீச்சின் இருமடி என்பதால், தனித்தனியே அளந்தால் இரு டொமைன்களும் ஒன்றுபோலவே தெரியும். அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே செல்லும் வட்டத் தளவிளைவுற்ற ஒளியில் இவ்விரு அலைகளும் குறுக்கிடும்போது, ஒரு டொமைனில் கூடுகின்றன, மற்றதில் கழிகின்றன. ஒன்று வெளிச்சம், மற்றது இருள். ஒளியின் சுழற்சித் திசையை இடஞ்சுழியிலிருந்து வலஞ்சுழியாக மாற்றினால் வெளிச்சமும் இருளும் இடம் மாறுகின்றன. ஜெர்மானிய, ரஷ்ய ஆய்வாளர்கள் இத்தகைய படங்களை 1995இல் வெளியிட்டனர்.

எதிர்ஃபெர்ரோ காந்தங்களை விளக்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேயெல், 1970இல் நோபல் உரையில், கோட்பாட்டளவில் சுவையான இவற்றுக்குப் பயன்பாடு தென்படவில்லை என்ற கருத்தைச் சொன்னார். பிற்காலத்தில் வன்தட்டுகளின் படிப்புமுனையில் எதிர்ஃபெர்ரோ காந்தப் படலம் இடம்பிடித்தது. பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் நிதி விண்ணப்பங்கள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு.

அணுக்கள் ஒரே அச்சில் நில்லாத சிக்கலான ஒழுங்குகளும் உள்ளன. மாங்கனீஸ்-டின் சேர்மமான Mn₃Snஇல் அவை முக்கோணத்தில் 120 பாகை விலகி நிற்கின்றன. நிகரக் காந்தம் மிகச் சிறிது என்றாலும் பிரதிபலித்த ஒளியின் தளம் அறை வெப்பநிலையிலேயே அளக்கத்தக்க அளவு சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்குக் காரணம் நிகரக் காந்தத்தின் அளவன்று, அம்முக்கோண ஒழுங்கின் சமச்சீர். ஹோல்மியம் என்னும் அருமண் உலோகத்தில் காந்தத் திசை அடுக்குக்கு அடுக்கு சுருளாகத் திரும்புகிறது. அச்சுருள் இடஞ்சுழியா வலஞ்சுழியா என்பதை வட்டத் தளவிளைவுற்ற எக்ஸ் கதிர்கள் பிரித்தறிகின்றன.